சனிக்கிழமை எண்ணெய்

“இருபத்தாறு சிவப்பாயிருக்கு.”

ஒலிநாடாவில் கேட்டது ஒரு வயதான குரல். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பதுபோலப் பேசுகிற குரல்.

“நாப்பத்தொண்டு?” மறுமுனையில் ஓர் இளைஞன். மெதுவாக, எங்கோ தூரத்திலிருந்து.

“நாப்பத்தொண்டில ஒண்டுமில்லை, வெறுமை. அம்பத்திரண்டு மேல நிக்குது. கீழ இறக்கவோ?”

“இறக்குங்கோ ஐயா. இப்ப இருபத்தாறு?”

“இன்னும் சிவப்புத்தான். முப்பதாந் திகதிக்கு முன்னம் அனுப்பாட்டில் எங்கட கதை முடிஞ்சுது.”

இன்ஸ்பெக்டர் பொத்தானை அமர்த்தி நாடாவை நிறுத்தினார். யன்னலுக்கு வெளியே நவம்பர் மழை துறைமுகத்தை அழித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மலைகள் போய்விட்டன. நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் பாதி போய்விட்டது.

“சொல்லுங்க மிஸ்,” என்றார் அவர், எதிரே இருந்த பூரணியிடம். வடக்கிலும் கிழக்கிலும் வேலைசெய்து பொறுக்கிய தமிழ். “துறைமுகத்துக்குப் பக்கத்தில கடை. கப்பலுக்குச் சாமான் குடுக்கிற கடை. புலிகளின்ர மாவீரர் வாரம். போனில ஒரு ஆள் இலக்கம் இலக்கமா வாசிக்கிறார். சிவப்பு எண்டுறார், இறக்கு எண்டுறார், முப்பதாந் திகதி எண்டுறார். நான் என்ன நினைக்கிறது?”

“லொத்தர்ச் சீட்டு எண்டு நினைக்கலாம் சேர்,” என்றான் வாசலில் நின்ற ஜெமீல்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெமீலின் பகிடிகளுக்கு அந்தப் பொலிஸ் நிலையத்தில் என்றுமே வரவேற்பில்லை. ஆனால் பயம் வந்தால் அவனுடைய வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஓட்டோ ஓட்டுகிறவன், பூரணி அக்கா எங்கே விசாரிக்கப் போனாலும் அவளைக் கொண்டுபோய் இறக்கி, கூடவே உள்ளே போய், தேவையில்லாத நேரத்தில் எதையாவது சொல்லிவிட்டு வருகிறவன்.

பூரணி சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. அவள் காப்புறுதிக் கொம்பனிகளுக்காகத் துறைமுகத்தில் சேதம் பார்க்கிறவள். ஒரு சீமெந்து மூட்டை மழையில் நனைந்ததா, யாராவது நனைத்ததா என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். பத்து வருடமாக அதைச் செய்ததில், மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டாள். நனைந்தவர்கள், நனைத்தவர்கள். ஊரில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்காரர் முதலில் கோயிலுக்கும் பிறகு அவளிடமும் ஓடுவார்கள்.

இந்த முறை ஓடிவந்தவள் புஸ்பராணி. நாடாவில் கேட்ட வயதான குரல் அவளுடைய கணவர் பாக்கியரத்தினத்துடையது; ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் அந்தக் கப்பல்சாமான் கடையில் கணக்கர். நேற்று முன்தினம் கடைக்குள் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள்.

“அவர் என்ன சொல்றார்?” என்று கேட்டாள் பூரணி.

“வருமான வரியாம். கொம்பியூட்டரில வரிப் படிவம் நிரப்புற புரோகிராம் ஒண்டு இருக்காம். அது பிழைச்சால் போன் எடுத்து உதவி கேக்கிறதாம். சரி, ஆரிட்ட கேட்டனீர் எண்டால் வாயைத் திறக்கிறார் இல்லை.” இன்ஸ்பெக்டர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “நான் அந்தக் கொம்பனிக்கு எடுத்துக் கேட்டன். திருகோணமலையில அப்படி ஒரு கடைக்கு நாங்கள் ஒண்டும் விக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டாங்க. இவர் எடுத்த நம்பர் கொழும்பு கொட்டாஞ்சேனையில ஒரு கொமினிகேசன் கடை. காசு குடுத்து ஆரும் போய்க் கதைக்கிற இடம். எந்தக் கொம்பனி மிஸ், ரோட்டோரக் கடையில நிண்டு உதவி செய்யுது?”

“மிச்சத்தைப் போடுங்கோ.”

நாடா மறுபடி சுழன்றது. இலக்கங்கள், மௌனம், இலக்கங்கள். கடைசியில் அந்த வயதான குரல் திடீரென்று தணிந்தது.

“சனிக்கிழமை எண்ணெய் வைச்சனியோ?”

பதில் வருவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

“இதைத்தான் மேலிடத்தில சிவப்பால கீறியிருக்கிறாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “சனிக்கிழமை. எண்ணெய். இந்த ஊரில எண்ணெய்த் தாங்கிகள் எங்க இருக்கெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

ஜெமீல் வாயைத் திறந்தான். அடுத்த கணம் பூரணியின் குதிக்கால் அவனுடைய பெருவிரலில் இறங்கியது.

“நாலு மணி லொறியில அவரை ஏத்த வேணும்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஓடர் வந்திட்டுது. மறுமுனை ஆரெண்டு தெரிஞ்சால், அல்லது இந்த இலக்கம் எல்லாம் உண்மையா வரிதான் எண்டு என்ர கண்ணுக்குக் காட்டினால், நான் நிப்பாட்டலாம். இல்லையெண்டால் என்னால ஏலாது.”

முற்றத்தில் அந்த லொறி ஏற்கனவே நின்றது. படங்குத் துணி மூடிய, நீல நிற லொறி. அதில் ஏறித் தெற்கே போனவர்களில் ஒருவரையேனும் ஜெமீல் பிறகு தன் ஓட்டோவில் ஏற்றியதில்லை.

ஓட்டோவுக்குள் வந்ததும் ஜெமீல் காலைத் தூக்கிப் பார்த்தான். “ஏனக்கா மிதிச்சீங்க? நான் அந்த மனிசனைக் காப்பாத்தப் பாத்தன். எண்ணெய் எண்டால் தலைக்கு வைக்கிற எண்ணெய் எண்டு சொல்ல வந்தனான்.”

“சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வந்திருக்கும்?”

ஜெமீல் யோசித்தான்.

“சனிக்கிழமை எண்ணெய் ஆருக்கு, ஜெமீல்?”

“ஆம்பிளையளுக்கு. பொம்பிளையளுக்கு வெள்ளி. எங்கட ஒழுங்கையில ஒரு வாத்தியார், சனிக்கிழமை சனிக்கிழமை தலையில எண்ணெய் வழியச் சந்தைக்கு ஏறுவார். என்ர சீட்டில அவர்ர தலை படமாவே பதிஞ்சு கிடக்கு.”

“நீ வாத்தியாரிட்ட, எண்ணெய் வைச்சனீங்களோ எண்டு கேப்பியோ?”

“எனக்கென்ன விசரா?”

“வேற ஆர் கேப்பினம்?”

மழை ஓட்டோவின் கூரையில் கொட்டியது. ஜெமீலுக்கு விடை தெரிந்துவிட்டது: பிள்ளையிடம் பெற்றவர். தெரிந்ததும், அந்த விடை சரியாக இருக்க முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. பாக்கியரத்தினத்துக்கு ஒரே ஒரு மகன். சுனாமியில் போனவன். ஊருக்கே தெரியும்.

“செத்தவன் எண்ணெய் வைக்கிறதில்லை அக்கா,” என்றான்.

“முதல் ஹாஜியாரிட்டப் போ,” என்றாள் பூரணி.

*

ஸைனுலாப்தீன் ஹாஜியாரின் கடை, கயிறும் பெயின்றும் தகரமீனும் கலந்து மணக்கிற நீண்ட இருட்டு. கப்பல்காரர்கள் கேட்பதெல்லாம் அங்கே இருக்கும். பின்னறைக் கதவில் பொலிஸ் முத்திரை ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குள்ளால் கொம்பியூட்டர் தெரிந்தது. பூப்போட்ட துணியால் அதைப் போர்த்தி, துணியின் நடுவில் சந்தனம் தொட்டு வைத்திருந்தார் கணக்கர்.

“அல்லாட காவல், நான் அவரைக் காட்டிக் குடுக்கல்ல,” என்றார் ஹாஜியார் எடுத்த எடுப்பிலேயே. பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்ததைக் குடிக்கவிடாமல் பேசினார். “அந்தச் சீடியைக் கணக்கர்தான் கொண்டுவந்தவர். காசு ஒண்டும் கேக்கல்ல. ஹாஜியார், இனி வரிக் கந்தோருக்கு அலையத் தேவையில்ல, இது தானே கூட்டும், தானே கழிக்கும் எண்டார். சரி செய்யுங்க எண்டன்.”

“அடிக்கடி பிழைச்சுதோ?”

ஹாஜியார் தாடியைத் தடவினார். “அதுதான் மகள் எனக்கும் விளங்கல்ல. முப்பது வருசமா அந்த மனிசன் பேனையால ஒரு பிழை விட்டு நான் காணல்ல. இந்தப் பெட்டி வந்த நாளில இருந்து கிழமைக்கு ரெண்டு பிழை, மூண்டு பிழை. பிழை வந்த உடன கதவைச் சாத்திப்போட்டுப் போன் எடுப்பார். என்னைக்கூட உள்ள விடமாட்டார். வெளியில வரக்குள்ள கலியாண வீட்டில சாப்பிட்டு வந்த மனிசன்ட முகம்.”

“பிழை வந்ததுக்கோ?” என்றான் ஜெமீல்.

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

 பூரணி சந்தனப் பொட்டு வைத்த அந்தத் துணியைக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தாள். நனைந்த மூட்டையா, நனைத்த மூட்டையா என்று பார்க்கிற பார்வை.

“மழை பெய்யேல்லை,” என்றாள் கடைசியில், தனக்குத்தானே. “அவரே தண்ணி ஊத்தியிருக்கிறார்.”

*

புஸ்பராணியின் வீடு இருந்த பாலையூற்றுக்குப் போகிற வழியில் மூன்று சோதனைத் தடைகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நனைந்து, ஏறினார்கள். மூன்றாவதில் வீதியைக் கடந்த மான் ஒன்றுக்கு ஒருவரும் அட்டை கேட்கவில்லை என்பதை ஜெமீல் சுட்டிக்காட்டினான். பூரணி கேட்டதாகத் தெரியவில்லை.

புஸ்பராணி கதவைத் திறந்தபோது அவளுடைய கண்கள் முதலில் பூரணியின் தோளுக்குப் பின்னால்தான் போயின, கணவர் வருகிறாரா என்று. இல்லை என்று கண்டதும் மெல்ல வழிவிட்டாள். இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, சுவரில் ஒரு படம். படத்துக்கு மாலை. கண்ணாடியில் குங்குமப் பொட்டு. மேலே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது.

“மகனோ?” என்று கேட்டாள் பூரணி.

“ஓம். கோணேசலிங்கம். கோணேஸ் எண்டுதான் கூப்பிடுறனாங்கள்.” சொல் தேய்ந்திருந்தது, பலமுறை சொன்ன சொல். “கடற்கரையில பந்தடிக்கப் போனவன். இருபது வயசு. உடம்பு கிடைக்கேல்லை.”

ஜெமீலும் பார்த்தான். சுருட்டை முடி, அகன்ற நெற்றி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற வாய். கோணேசை அவன் ஒருமுறை இரண்டுமுறை ஏற்றியிருக்கிறான். அவனேதான் என்று தோன்றியது.

பூரணி கிட்டப் போனாள். மாலையை ஒரு விரலால் ஒதுக்கி, படத்தின் கீழ் மூலையைப் பார்த்தாள். அங்கே மங்கலாக ஒரு முத்திரை இருந்தது.

“வசந்தா ஸ்டூடியோ,” என்று வாசித்தாள். “இதிலதான் அக்கா நானும் ஒரு வயசில படம் எடுத்தனான். மரக்குதிரையில இருத்தி எடுப்பினம். எண்பத்திமூண்டில எரிச்சுப்போட்டாங்கள். பிறகு திறக்கேயில்லை.”

புஸ்பராணி மாலையைப் பழையபடி இழுத்துவிட்டாள்.

“உங்கட மகன் எண்பத்திநாலில பிறந்தவர். இது ஆர்?”

 ஜெமீல் மறுபடி படத்தைப் பார்த்தான். இப்போதுதான் சட்டையின் கழுத்துப்பட்டை கண்ணில் பட்டது. காகத்தின் இறக்கைபோல இரண்டு பக்கமும் விரிந்த, அவனுடைய வாப்பா காலத்துக் கழுத்துப்பட்டை.

“என்ர தம்பி,” என்றாள் புஸ்பராணி. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “எண்பத்தஞ்சில காய்ச்சலில போனவன். கோணேஸ் மாமனை உரிச்சு வைச்சவன். ஆரும் கண்டுபிடிக்கேல்லை. சொந்தத் தங்கச்சிகூட வந்து பாத்து அழுதிட்டுப் போனவள்.”

“மகன்ர படத்தையே வைச்சிருக்கலாமே.”

“எப்பிடிப் பிள்ளை வைக்கிறது?” அவளுடைய குரல் முதல்முறையாக உயர்ந்தது. “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் எப்பிடி மாலை போடுறது?”

சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவள்போல இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

பிறகு எல்லாம் வந்தது. ஒருநாள் இரவு ஒரு கூட்டம் வந்து, இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டது. அடுத்த கிழமை அரசாங்கப் பக்கத்துக் கூட்டம் வந்து, இரவு வந்தவர்களோடு உன் பிள்ளைக்கு என்ன பேச்சு என்று கேட்டது. அவனை ஒரு கொம்பியூட்டர் வகுப்பு என்று சொல்லி இரகசியமாகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அவன் போன மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பந்தடிக்கிறவன். அவனோடு பந்தடித்த பொடியன்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊர் வந்து இவர்களைக் கட்டிப்பிடித்து அழுதது.

“நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. ஊர்தான் சொன்னது. நாங்கள் இல்லையெண்டு சொல்லாமல் விட்டனாங்கள். அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் காரியம் எல்லாம் செய்தது. ஐயர் அவன்ர பேரைச் சொல்லேக்க இவர் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவர். பிறகு ஒருத்தரும் அவனைத் தேடி வரேல்லை.”

“இப்ப எங்க?”

“கொட்டாஞ்சேனையில. வேற பேர். வேற அட்டை. கொம்பியூட்டர் திருத்திற கடை ஒண்டில நிக்கிறான்.” அவள் பூரணியின் கையைப் பிடித்தாள். “இவர் அங்க வாய் திறக்கமாட்டார். திறந்தால் பொடியன் போயிடுவான். நீங்களும் திறக்காதேங்கோ. இவரையும் விட்டிடாதேங்கோ.”

இரண்டும் எப்படி முடியும் என்று ஜெமீல் கேட்க நினைத்தான். கேட்கவில்லை. பூரணி அந்தக் கையை விடாமலே கேட்டாள்: “அந்தக் கடை நம்பர் மனப்பாடமோ?”

*

ஜெமீலின் கைத்தொலைபேசியில் எடுத்தார்கள். ஓட்டோவுக்குள், படங்கை இறக்கிவிட்டு. கொமினிகேசன் கடைக்காரர் போய்க் கூட்டிவந்தார். நாடாவில் கேட்ட அதே குரல், மெதுவாக, “ஆர்?” என்றது.

பூரணி சுருக்கமாகச் சொன்னாள். 

“இலக்கம் எல்லாம் படிவத்தில இருக்கிற கட்டங்கள் அக்கா,” என்றது மறுமுனை. “இருபத்தாறாம் கட்டத்தில வரவேண்டியதை அவர் அம்பத்திரண்டில போட்டிட்டார். அதுதான் சிவப்பு.”

“அதை இன்ஸ்பெக்டர்ர கண்ணுக்குக் காட்ட ஏலுமோ?”

“ஏலும். திருத்த முதல் அந்தப் பிழையோடயே ஒரு பிரதி சேமிக்கச் சொல்லுவன். ஒவ்வொரு முறையும். அது அங்கதான் கிடக்கும்.” எங்கே கிடக்கும், எப்படித் திறப்பது, கடவுச்சொல் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்பாவுக்குச் சொல்லிப் பழகிய பொறுமை. பூரணி திருப்பிச் சொன்னாள். அவன் சரி பார்த்தான்.

“தம்பி, அவர் அந்தப் பிழையளை வேணுமெண்டுதான் விட்டவர். தெரியுமோ?”

“முதல் நாளே தெரியும்.” குரல் ஒரு கணம் சிரித்ததுபோல இருந்தது. “நானும் வேணுமெண்டு மெதுவாத்தான் திருத்துவன்.”

ஜெமீல் படங்கின் ஓட்டை வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது சரிவராட்டில்?” என்று கேட்டான் கோணேஸ்.

“சரிவரும்.”

“சரிவராட்டில் அக்கா?”

“நாலு மணிக்கு ஒரு லொறி இருக்கு. நீ அதை யோசிக்காத. நீ ஒரு இடமும் போகாத, ஆரோடயும் கதைக்காத. உன்ர பேர் இதுக்குள்ள வராது. விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

அந்த ‘ஓம்’ வந்த வேகம் ஜெமீலுக்குப் பிடிக்கவில்லை. தடையில் நிற்கிறவன் துப்பாக்கியைக் கண்டு சொல்கிற ‘ஓம்’ அப்படித்தான் வரும்.

*

ஹாஜியாரின் பின்னறை முத்திரையை உடைத்தவர் இன்ஸ்பெக்டர். தட்டச்சுப் பலகையின் முன்னால் தன் பொலிஸ்காரர் ஒருவரை இருத்தினார். பூரணி கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

“நான் தொடமாட்டன்,” என்றாள். “நாடாவைப் போடுங்கோ. அதில என்ன சொல்லுதோ அதை இவர் செய்யட்டும். பொய்யெண்டால் திரையே சொல்லும்.”

கணக்கரின் மனைவி எழுதித் தந்தது என்று பூரணி சொன்ன கடவுச்சொல்லுக்குக் கோப்பு திறந்தது. கட்டங்கள், கட்டங்கள், இலக்கமிட்ட கட்டங்கள். பொலிஸ்காரர் அம்பு விசையால் ஒவ்வொன்றாக இறங்கினார். நாடா சுழன்றது.

“இருபத்தாறு சிவப்பாயிருக்கு,” என்றார் பாக்கியரத்தினம், அறையில் இல்லாத பாக்கியரத்தினம்.

திரையில் இருபத்தாறாம் கட்டம் இரத்தச் சிவப்பாக நின்றது.

ஹாஜியார் வாசலில் நின்று ஏதோ ஓதினார். நாப்பத்தொண்டு என்றது நாடா. நாற்பத்தோராம் கட்டம் வெறுமையாக இருந்தது. அம்பத்திரண்டைக் கீழே இறக்கு என்றது; பொலிஸ்காரர் இறக்கினார். இன்னும் சிவப்பு என்றது. இன்னும் சிவப்பாகவே இருந்தது. கிழவரின் குரலும் கண்ணாடித் திரையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் அடிக்கு அடி சேர்ந்து நடந்தன. மறுமுனைக் குரல் சொன்ன கடைசித் திருத்தத்தைச் செய்ததும், இருபத்தாறாம் கட்டம் வெள்ளையாயிற்று. முப்பதாம் திகதிக்கு முன் அனுப்பவும் என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “வரிதான்,” என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆனால் மிஸ், இது சின்னப் பிள்ளை விடுற பிழை. முப்பது வருசக் கணக்கர் விடுவாரா?”

“துணி போர்த்துச் சந்தனம் வைச்சிருக்கிறார் சேர், பாருங்கோ,” என்றான் ஜெமீல். “பேய்க்குச் செய்யிற மரியாதை அது. பேயோட கணக்குப் பாத்தால் ஆரும் பிழைதான் விடுவினம்.”

இந்த முறை இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தப் பகிடிக்காக ஜெமீல் வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்டிருப்பான்.

“சரி. மறுமுனை?”

“கொம்பனி விக்காத புரோகிராம். களவுச் சீடி,” என்றாள் பூரணி. “களவுச் சீடி விக்கிறவன் சொந்தப் போனில நிண்டு உதவி செய்வானோ? ரோட்டோரக் கடையில இருந்துதான் செய்வான். கணக்கர் முதலாளிக்குத் தண்டம் வந்திடும் எண்டு பயந்து வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். தண்டத்தை அடியுங்கோ. லொறியில ஏத்தாதேங்கோ.”

“எண்ணெய்?”

“களவுக்காரனுக்கும் தலை இருக்கு சேர். வயசான மனிசன் பழக்கத்தில கேட்டிருப்பார்.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். நம்பினாரா, நம்பத் தீர்மானித்தாரா என்று ஜெமீலால் சொல்ல முடியவில்லை. ஆனால் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “வாங்க. கையெழுத்துப் போடுவம்.”

*

லொறியில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாக்கியரத்தினத்தை வரிசையிலிருந்து பிரித்துக் கூட்டிவந்து வராந்தாவில் நிறுத்தினார்கள். மெலிந்த, உயரமான மனிதர். சட்டையின் மேல்பொத்தான்வரை பூட்டியிருந்தார். பூரணி கிட்டப் போய்க் காதோடு, “முடிஞ்சுது ஐயா, ஒருத்தற்ற பேரும் வரேல்லை,” என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கண் நிறைந்து நின்றது.

உள்ளே தொலைபேசி அடித்தது.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பேசினார். முதலில் வேகமாக, பிறகு வெறும் “ஹ்ம், ஹ்ம்” மட்டும். ஜெமீலுக்குச் சிங்களம் நன்றாக வரும். அதனால் அந்த முற்றத்தில் மற்றவர்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. 

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பூரணியைப் பார்க்கவில்லை. கிழவரைப் பார்த்தார்.

“கொழும்பில ஒரு பொடியன் தானே பொலிசுக்கு வந்திருக்கிறான். அந்தப் போனில கதைச்சது நான்தான், அது வரிக் கணக்கு, அப்பாவை விடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறான். உண்மைப் பேரையும் சொல்லியிருக்கிறான்.” அவர் நிறுத்தினார். “சுனாமியில செத்தவன்ர பேர். கையில வேற ஆளின்ர அட்டை.”

பூரணி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க போகலாம் பெரியவர். நான் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பொடியன்ர விசயம் என்ர கையில இல்லை. செத்தவன் வேற பேரில கொழும்பில என்ன செய்தான் எண்டு அவங்க கேப்பாங்க.”

 பாக்கியரத்தினம் மேல்பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஐயா,” என்றார். “நான் பொய் சொன்னனான். அந்த இலக்கம் எல்லாம் கப்பல்.”

“என்ன?”

“கப்பல் ஐயா. சிவப்பெண்டால் நேவிக் கப்பல். அந்தப் பொடியன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. கொம்பியூட்டர் எண்டு அவனை நான் ஏமாத்தினனான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அவனை விடச் சொல்லுங்கோ. நான் ஏறுறன்.”

“பெரியவர்.” இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்திருந்தது. “நான் என்ர கண்ணால பாத்தன். ஒவ்வொரு கட்டமாப் பாத்தன். அது வரி.”

“நீங்கள் பிழையாப் பாத்திட்டியள்.”

“பிழை இல்லை. இந்த மிஸ் காட்டினவ. ஒரு பிழையும் இல்லை.”

பாக்கியரத்தினம் பூரணியின் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை ஜெமீலால் பார்க்க முடியவில்லை. பூரணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிற அந்தக் கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

லொறி உறுமியது. பின்பலகையைத் தூக்கிக் கொழுவினார்கள். பாக்கியரத்தினம் படிகளில் இறங்கினார். ஒரு செருப்பு படியிலேயே கழன்றுபோனது. மழைக்குள் லொறியின் பின்னால் ஓடினார்.

“நிப்பாட்டுங்கோ! என்னை விட்டிட்டுப் போறியள். நிப்பாட்டுங்கோ!”

ஜெமீல் ஓடிப்போய், வாயிலுக்குக் கிட்ட அவரைப் பிடித்தான். பிடித்த கைக்குள் எலும்பும் நனைந்த சட்டையும்தான் இருந்தன. லொறி வெளியே போனதும் தடைக்கம்பு இறங்கியது. கிழவர் அவனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“தம்பி, நீயெண்டாலும் சொல்லு. கப்பல் எண்டு சொல்லு. உனக்குக் கதைக்கத் தெரியும். ஒருக்காச் சொல்லு.”

ஜெமீல் வாயைத் திறந்தான். மழைதான் உள்ளே போயிற்று. அவரை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.